இடப்பக்கமாக ஏறுகிறவர்கள்

தீவில் எல்லோருக்கும் அவர் 'எண்ணிக்கை'. சின்னப் பிள்ளைகளுக்கு 'எண்ணிக்கை மாமா'. தீவுக்கும் கரைக்கும் படகு விடுகிற கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்த வேலை அதுதான். படகில் ஏறுகிற தலைகளை எண்ண வேண்டும், இறங்குகிற தலைகளை எண்ண வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால் பயணத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கேட்பதற்குச் சுண்டைக்காய் வேலை மாதிரித் தெரியும். மூட்டையும் முடிச்சும் கைக்குழந்தையுமாக நூறு பேர் முண்டியடித்துக்கொண்டு ஒரே நடைபலகையில் இறங்கும்போது, கொட்டுகிற மழையில் நின்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு எண்ணும் கருவியைக் கம்பெனி கொடுத்திருந்தது. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் ஒரு எண் கூடும். அவருடைய விரல் தூக்கத்தில்கூட அமுக்கிக்கொண்டிருக்கும் என்று அவர் மனைவி சொல்வாள். துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும், "நூத்திப் பதினாலு பேர் வந்திருந்தாங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அதில் அழுதவர்கள் எத்தனை பேர் என்று அவள் கேட்பாள். இவர் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். முணுக்கென்றால் கோபம் வரும், ஆனால் கேலி செய்தால் புரியாது. அப்படி ஒரு மனிதர்.

மனைவிக்கு ஊரார் வைத்த பெயர் 'தையலக்கா'. கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் தையல் அறையில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்பு, பொத்தான் போன டாக்டர் கோட்டு, கொக்கி அறுந்த திரைச்சீலை எல்லாம் அவள் கைக்கு வந்துதான் திரும்பிப் போகும். காலை ஆறே முக்கால் படகில் போவாள், மாலை ஐந்தரைப் படகில் வருவாள். பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அவளுடைய தம்பியின் மூன்று பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தே அவள் அதைக் கடந்துபோனாள். அந்தத் தம்பியும் கம்பெனியில்தான் இருந்தான். அத்தான் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலை. தீவுப் பக்கத்துத் துறையில் அத்தான் எண்ணுவார், கரைப் பக்கத்துத் துறையில் மைத்துனன் எண்ணுவான்.

கம்பெனியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அங்கே வேலை பார்க்கிறவர்களின் குடும்பத்துக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத தலையை எண்ணிவிட்டால் விற்ற டிக்கெட்டோடு எண் இடிக்கும். இடித்தால் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வரும். அந்த வம்பே வேண்டாம் என்று ஒரு வழி செய்துவைத்திருந்தார்கள். நடைபலகைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். டிக்கெட்காரர்கள் கயிற்றுக்கு வலப்பக்கம் வரிசையில் வருவார்கள். 'வீட்டு ஆட்கள்' இடப்பக்கமாக வந்து ஏறிக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால் போதும், விரலை அமுக்க வேண்டியதில்லை. படகின் பின்பக்கம் இஞ்சின் அறைக்குமேல் அவர்களுக்கென்று தனியாக ஒரு பெஞ்சு இருந்தது. வெயிலில் வரிசையில் காய்ந்துகொண்டிருக்கிற ஊர் பார்க்க, கையை வீசிக்கொண்டு இடப்பக்கமாக ஏறிப்போவதில் ஒரு மிதப்பும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த நாள் காலையிலேயே சரியில்லை. அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதித்தது. லீவு போடுங்கள் என்று தையலக்கா வீட்டில் ஆரம்பித்தவள் படகுத்துறை வரை சொல்லிக்கொண்டே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"நான் படுத்துட்டா இங்க யார் வந்து எண்ணுவா? நீ இன்னிக்கு உன் தம்பி வீட்லயே தங்கிக்க. ஒரு நாளாவது நிம்மதியா இருக்கேன்" என்று கத்தினார். பத்துப் பதினைந்து பேர் காதில் அது விழுந்தது. அவள் இடப்பக்கமாகப் போய் ஏறிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குமேல் காற்று பிடித்தது. ஐந்தரைப் படகை விடுவதா வேண்டாமா என்று கம்பெனியில் யோசித்தார்களாம். யோசித்து, விட்டார்கள். பாதி வழியில் இஞ்சின் நின்றுபோனது. காற்று படகைத் தள்ளிக்கொண்டுபோய் நடுவில் இருக்கும் மணல்திட்டில் ஏற்றிச் சாய்த்தது. முன்பக்கம் இருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் தண்ணீரில் விழுந்தார்கள். வேலையாட்கள் எல்லோரும் முன்பக்கத்துக்கு ஓடினார்கள். நல்லவேளையாகப் பக்கத்தில் இரண்டு மீன்பிடிப் படகுகள் இருந்தன. துறைமுகத்திலிருந்து மீட்புப் படகும் வந்து சேர்ந்தது. விழுந்தவர்களைத் தூக்கினார்கள், மற்றவர்களை இறக்கினார்கள், எல்லோரையும் தீவுக்குக் கொண்டுவந்தார்கள்.

தீவுப் படகுத்துறையில் எண்ணிக்கை காய்ச்சலோடு நின்றார். நனைந்து நடுங்கி வருகிற ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு எண்ணினார். அழுகிறவர்களை அழவிட்டார், கட்டிப்பிடித்தவர்களை விலக்கிவிட்டு எண்ணினார். கடைசி ஆள் கரையேறியபோது கருவியில் தொண்ணூற்று நாலு என்று இருந்தது. வயர்லெஸ்ஸில் கரையைக் கேட்டார். காற்றில் கரகரத்துக்கொண்டு மைத்துனனின் குரல் வந்தது. தொண்ணூற்று நாலு டிக்கெட். எண் ஒத்துப்போய்விட்டது. எல்லோரும் பத்திரம் என்று இவர் சொன்னதும் அந்தப் பக்கம் அவன் பெருமூச்சு விட்டது இவருக்குக் கேட்டது. அதோடு வயர்லெஸ்ஸும் அடங்கிப்போனது.

மீட்புப் படகின் தலைவர் இன்னும் வெளிச்சம் கொஞ்சம் இருக்கிறது, விளக்கைப் போட்டுத் திட்டை இன்னொரு சுற்று சுற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். நியாயமான மனிதர், கடமைக்குக் கேட்கவில்லை. எண்ணிக்கைக்கு அது தன் தொழிலைச் சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

"முப்பத்தோரு வருஷமா எண்றேங்க. எல்லாரும் வந்தாச்சு. நீங்க போகலாம்."

மீட்புப் படகு விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனது. கம்பெனி மேலாளர் வந்து எண்ணிக்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்தவர் அடுப்பைப் பற்றவைக்க அலுப்புப்பட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். நல்ல காலம், இவள் அந்தப் படகில் வராமல் தம்பி வீட்டில் தங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். காலையில் திட்டியதும் ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்றுகூட நினைத்தார். நிம்மதியாகத் தூங்கினார். தான் தூங்கிய அந்தத் தூக்கத்தை அதற்குப் பிறகு அவரால் மன்னிக்க முடியவில்லை.

காற்றில் அறுந்துபோயிருந்த போன் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வேலை செய்ய ஆரம்பித்தது. முதலில் வந்தது மைத்துனனின் அழைப்பு. திட்டில் சாய்ந்த படகை எப்போது இழுக்கப் போகிறார்கள், யாருக்கெல்லாம் அடி என்று விசாரித்தான். அப்புறம் சாவகாசமாகக் கேட்டான்.

"அக்கா நனைஞ்சிருக்குமே, சளி கிளி பிடிச்சிருக்கா அத்தான்?"

"உங்க அக்கா உன் வீட்லதானே இருக்கா?"

  ஐந்தரைப் படகில் தானே ஏற்றிவிட்டதாக மைத்துனன் சொன்னான். அவன் வீட்டில் இருப்பதாக இவரும், இவர் வீட்டில் இருப்பதாக அவனும் ஒரு ராத்திரி முழுக்க நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மீனவர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். மணல்திட்டின் மறுபக்கத்தில், படகுகள் ஒதுங்கிப் போவதற்காக நட்டிருக்கும் எச்சரிக்கைக் கம்பத்தின் அடியில் கிடந்தாள். ஊசி பிடித்த அந்தக் கைகள் இரண்டும் சிப்பி கிழித்துப் புண்ணாக இருந்தன. கம்பத்தை வெகுநேரம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கை கேட்டார். அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார் டாக்டர். இவர் விடவில்லை. நாலைந்து மணி நேரமாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். மீட்புப் படகு இன்னொரு சுற்று சுற்றியிருந்தால் விளக்கு வெளிச்சம் அந்தக் கம்பத்தின்மேல்தான் விழுந்திருக்கும். இதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் கம்பெனி கையைக் கழுவியது. அந்தப் பயணத்தில் போனவர்கள் தொண்ணூற்று நாலு, வந்தவர்கள் தொண்ணூற்று நாலு, இறந்துபோன அம்மாள் அந்தப் படகில் பயணம் செய்ததாகப் பதிவு இல்லை என்று காகிதம் வந்தது. அதற்கு ஆதாரமான பயணத் தாளில் இருந்த கையெழுத்து இவருடையது. விபத்தன்று கையைக் குலுக்கிய மேலாளர்தான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இடப்பக்கமாவது வலப்பக்கமாவது, அப்படி ஒரு வழக்கமே கம்பெனியில் கிடையாது என்று சாதித்தார். படகில் வேலை பார்த்தவர்களும் பின்பக்கப் பெஞ்சில் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். பார்க்கவில்லையோ, பார்த்ததை விழுங்கினார்களோ.

கம்பெனி இப்படிச் சொன்னதும் ஊர் நாக்கு நீண்டது. படகில் ஏறாதவள் கடலுக்குள் எப்படிப் போனாள்? அன்று காலையில் புருஷன் பத்துப் பேர் முன்னால் விரட்டினானே, மனசு விட்டுப்போய்க் கரையில் எங்கேயோ குதித்திருப்பாள் என்றார்கள். கையில் இருந்த காயத்துக்கும் விளக்கம் வைத்திருந்தார்கள்: குதித்தவளுக்குக் கடைசி நேரத்தில் உயிர்மேல் ஆசை வந்திருக்கும். அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே இதைப் பேசினார்கள். நரம்பில்லாத நாக்குத்தானே.

எண்ணிக்கைக்கு ஊர் தன்னைப் பேசியது உறைக்கவில்லை. நான் திட்டினேன், பேசட்டும் என்று இருந்துவிட்டார். ஆனால் அவள் அவர்மேல் கோபித்துக்கொண்டு உயிரை விட்டாள் என்று காலாகாலத்துக்கும் நிற்கப் போகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தவள். அது தாளில் ஏற வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

துறைமுக இலாகா விசாரணை வைத்தது. அவள் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் மைத்துனன் ஒருத்தன்தான். அவனோ 'நான் பார்க்கவில்லை' என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். விசாரணைக்கு முதல் நாள் எண்ணிக்கை கரைக்குப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டே அறை கொண்ட வீடு. மூலையில் அக்கா கொடுத்த பழைய தையல் மெஷின்மேல் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மைத்துனனின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். மைத்துனன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். எண்ணாமல் ஆளை ஏற்றியது குற்றம், வேலையும் போகும் ஜெயிலும் கிடைக்கும், பேசாமல் எழுதிக்கொடு என்று மேலாளர் சொன்னாராம்.

"எனக்கு மட்டும் வலிக்கலையா அத்தான்? என்னை வளர்த்ததே அக்காதான். ஆனா மூணு பொண்ணுங்க இருக்கு. நான் உள்ள போயிட்டா இதுங்க தெருவுலதான் நிக்கும்."

அவரிடம் அதற்குப் பதில் இருந்தது. ஊர் உன் அக்காவை என்ன பேசுகிறது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் உடைந்துபோயிருப்பான். கேட்க வாய் வரவில்லை. இந்த வேலைக்கு இவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த முதல் நாள், நம் ஆட்களை அமுக்காதே, எண் இடிக்கும் என்று கற்றுக்கொடுத்தது அவர்தான். கற்றுக்கொண்டதைத்தான் அவன் செய்திருக்கிறான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கரைத் துறையில் பயணிகள் காத்திருக்கும் கூடத்திலேயே விசாரணை நடந்தது. பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, படகு நேரம் எழுதிய பலகைக்குக் கீழே ஒரு மேஜை வைத்திருந்தார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. தீவிலிருந்து பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மைத்துனன் கடைசி பெஞ்சில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

எண்ணிக்கையைக் கூப்பிட்டார்கள். மனைவி அந்தப் படகில்தான் வந்தாள், என் எண்ணிக்கை தப்பு என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அதிகாரி தாளைப் புரட்டினார். விற்ற டிக்கெட்டும் இறங்கிய தலையும் சரியாக இருக்கும்போது எங்கே தப்பு, தீவில் நின்ற உங்களுக்கு உங்கள் மனைவி இங்கே ஏறியது எப்படித் தெரியும் என்று கேட்டார். இவர் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரியும்ங்க என்று மட்டும் சொன்னார். மேலாளர் எழுந்து, மனைவியை இழந்த துக்கத்தில் பேசுகிறார், பாவம், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அனுதாபமாகச் சொன்னார். கூடத்தில் சிலர் ஆமாம் என்கிற மாதிரி தலையாட்டினார்கள். யாரோ ஒருத்தி, காலையில் விரட்டும்போது தெரியவில்லையாக்கும் என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. மைத்துனனுக்கும் கேட்டது.

அவன் எழுந்து நின்றான். "மேடம், எங்க அக்காவை ஏத்திவிட்டது நான்தான்."

மேலாளர் அவனை முறைத்தார். அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தது பொய் என்றான். படகு கிளம்ப இரண்டு நிமிஷம் இருக்கும்போது அக்கா ஓடிவந்தது, காற்று பலமாக இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று தான் சொன்னது, எல்லாம் சொன்னான்.

"கேக்கல. 'அவருக்குக் காய்ச்சல்டா, கோவம் வேற. நான் போகாட்டி வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுத்துடுவாரு'ன்னு சொல்லிச்சு. நான் தலையை ஆட்டினேன். ஏறிடுச்சு."

முணுமுணுத்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியானால் ஏன் எண்ணவில்லை, எண்ண வேண்டாம் என்று யார் சொன்னது என்று அதிகாரி அவனைக் கேட்டார். அவன் குனிந்துகொண்டான்.

"யாரும் சொல்லல மேடம். அது பழக்கம்."

வேலை போவது நிச்சயம் என்று தெரிந்த பிறகும் அவன் அத்தானைக் காட்டிக்கொடுக்கவில்லை. எண்ணிக்கையால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"பழக்கம் இல்லைங்க. நான் சொல்லிக்கொடுத்தது. அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."  தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. "கல்யாணம் ஆன புதுசுல அவ டிக்கெட் எடுத்துக்கிட்டு எல்லாரோடயும் வரிசையிலதான் வந்து நின்னா. எனக்குத்தான் கௌரவக் குறைச்சலா இருந்துச்சு. கம்பெனிக்காரன் பொண்டாட்டி வரிசையில நிக்கிறான்னு நாலு பேர் சிரிப்பாங்கன்னு கையைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்துவிட்டேன். 'ஊரையெல்லாம் எண்றீங்க, என்னை எண்ண மாட்டீங்களா'ன்னு கேட்டா. 'நீ என் வீட்டு ஆளு, உன்னை எதுக்கு எண்ணணும்'னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்ல."

 அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பயணத் தாளைத் திருத்த வேண்டும், எண்ணை உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"அந்தப் படகுல ஏறினவங்க எத்தனை பேர்?"

"தொண்ணூத்தஞ்சு."

"இறங்கினவங்க?"

அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூத்தி நாலு. ஒரு ஆள் வரலைங்க. நான் எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லி விளக்கை அணைக்க வச்சுட்டேன்."

அவள் போனதிலிருந்து அழாத மனிதர் அங்கே, ஊர் பார்க்க, குரல்விட்டு அழுதார். மைத்துனன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். மேஜையில் இருந்த எழுத்தர் அழுகை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு கையெழுத்துப் போடுவதற்காகத் தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.